அந்த அக்காவுக்கு நாம் பட்ட கடன்

(தோட்ட மாதர் சங்கங்களின் மகளிர் தினக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

மகளிர் தினம் என்றால் எல்லா மேடையிலும் தாயைப் பற்றித்தான் பேசுகிறார்கள். தாய் தெய்வம் என்கிறார்கள், தியாகி என்கிறார்கள், நாலு பேருக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள். மறுநாள் காலையில் அந்தத் தெய்வம் பெரட்டுக்களத்தில் நிற்கும். ஐந்து நிமிஷம் பிந்தினால் பேர் கிடைக்காது. அதனால் இன்றைக்குப் பொதுவாகத் தாயைப் புகழ்ந்து பேச நாங்கள் வரவில்லை. ஒரே ஒரு தாயைப் பற்றிப் பேசுகிறோம். யுத்தத்துக்குள் மூன்று பிள்ளைகளை வைத்துக் காப்பாற்றிக் கொண்டு வந்தவர். நம் தோட்டத்து லயத்தில் பிறந்தவர், இப்போதும் லயத்தில்தான் இருக்கிறார். பெயரைச் சொல்ல வேண்டாம் என்றார், சொல்லவில்லை. இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் அது யார் என்று திரும்பித் திரும்பிப் பார்க்கவும் வேண்டாம். அக்கா என்றே சொல்கிறோம்.

மலையகத்துக் குடும்பம் வன்னிக்கு எப்படிப் போனது என்று சின்னப் பிள்ளைகளுக்குத் தெரியாது. அதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறோம்.

1948இல் கொண்டுவந்த பிரஜாவுரிமைச் சட்டம் நம் முன்னோரிடம் என்ன கேட்டது? உன் தகப்பன் இந்த நாட்டில் பிறந்ததற்குப் பத்திரம் காட்டு, இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததற்குப் பத்திரம் காட்டு என்று கேட்டது. லயத்துக் காம்பராவில் பிறந்தவனுக்கு யார் பத்திரம் எழுதி வைத்தது? உழைத்த தழும்பு கையில் இருந்தது, காட்டக் கடதாசி இருக்கவில்லை. நாடற்றவர்கள் ஆனோம். 1964இல் இரண்டு நாட்டுப் பிரதமர்கள் ஒப்பந்தம் போட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே என்று நம்மைப் பங்கு பிரித்தார்கள். மிச்சம் 150,000 பேரின் கதையை 1974இல் மறுபடி பேசிப் பாதி பாதி ஆக்கினார்கள். அந்தக் காலத்தில்தான் தோட்டங்களில் பஞ்சம். 1977இல் அடித்தார்கள், 1981இல் அடித்தார்கள், 1983 ஜூலையில் நாடு முழுக்க எரிந்தது. ஒவ்வொரு அடிக்கும் பிறகு கொஞ்சப் பேர் மூட்டையைக் கட்டிக்கொண்டு வடக்கே போனார்கள். அங்கே தமிழர் மத்தியில் பயமில்லாமல் இருக்கலாம், காடு வெட்டிச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் செய்யலாம் என்று நம்பிப் போனார்கள். இன்றைக்கும் கிளிநொச்சியில் பாரதிபுரம், மலையாளபுரம், கிருஷ்ணபுரம் என்று போனால் நம் ஆட்களின் பேச்சைக் கேட்கலாம்.

அக்காவின் குடும்பம் போனது 1983 கலவரத்துக்குப் பிறகு. அப்போது அவருக்கு 12 வயது. அண்ணனுக்குச் செக்ரோலில் பேர் இருந்ததால் அவர் மட்டும் தோட்டத்திலேயே நின்றுவிட்டார். மற்றவர்கள் போனார்கள். கிளிநொச்சிப் பக்கம் கூலிக்கு மிளகாய் பிடுங்கினார்கள், வெங்காயம் நட்டார்கள், மண் சுவர் வைத்து வீடு கட்டினார்கள். அங்கேயும் 'தோட்டக்காட்டான்' என்ற பேச்சு காதில் விழாமல் இல்லை. பட்டதை மறைக்க வேண்டாம், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் அக்கா அங்கே வளர்ந்தார், கல்யாணம் செய்தார், மூன்று பிள்ளைகள் பெற்றார்.

தாய்மார்களே, யுத்தத்தில் பிள்ளையைக் காப்பாற்றுவது என்றால் குண்டிலிருந்து காப்பாற்றுவது மட்டும்தான் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அக்காவுக்குக் குண்டு விழும் முன்பே பயம் தொடங்கிவிட்டது. வீட்டுக்கு ஒருவர் இயக்கத்துக்கு வர வேண்டும் என்று கட்டாயமாகப் பிள்ளைகளைப் பிடித்த காலம் அது. மூத்தவளுக்கு அப்போது 15 வயது. வீட்டுக்குப் பின்னால் விறகு அடுக்கியிருந்த இடத்தில் ஒரு குழி தோண்டி, மேலே பலகை போட்டு, அதற்கு மேலே விறகை அடுக்கி, பகல் முழுக்கப் பிள்ளையை உள்ளே வைத்திருந்தார். இருட்டின பிறகு வெளியே எடுத்துக் குளிக்க வார்த்து, சாப்பிடக் கொடுத்து, விடிய முன்பு மறுபடி உள்ளே விடுவார். கேட்டு வந்தவர்களுக்கு, மகள் மலைநாட்டுக்கு மாமா வீட்டுக்குப் போய்விட்டாள் என்று பதில். பொய் சொல்லித் தெரியாத மனுஷி, அந்த ஒரு பொய்யை மாதக்கணக்கில் கட்டிக் காத்தார். அந்தக் குழிக்குள் பிள்ளைக்கு மூச்சு முட்டுமோ, பாம்பு பூச்சி வருமோ என்று தகரத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அரிசி புடைப்பாராம். கையில் அரிசி இருக்காது, வெறும் சுளகைத்தான் புடைத்திருக்கிறார். தாய் பக்கத்தில் இருக்கிறாள் என்று பிள்ளைக்குச் சத்தம் கேட்க வேண்டும், அதற்காக.

2009 ஜனவரி பிறந்தபோது கிளிநொச்சி இராணுவத்தின் கையில். சனம் எல்லாம் கிழக்கே ஓடியது. தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், இரணைப்பாலை, மாத்தளன், வலைஞர்மடம், கடைசியில் முள்ளிவாய்க்கால். இந்தப் பெயர்களை அக்கா சொல்லும்போது, நாம் பதுளை வண்டி நிற்கும் ஸ்டேஷன்களை வரிசையாகச் சொல்வோமே, அப்படிச் சொல்வார். ஒவ்வொரு இடத்திலும் ஒரு சாமான் விடுபட்டது. முதலில் சைக்கிள், பிறகு பானை சட்டி, பிறகு படுக்கிற பாய். பாதுகாப்பு வலயம் என்று அரசாங்கம் அறிவித்த இடத்துக்குள்ளும் செல் விழுந்தது. அங்கிருந்து தப்பி இராணுவப் பக்கம் போக முயன்ற சனத்தை இயக்கம் மறித்தது, சுட்டது. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. அந்தக் கடைசி மாதங்களில் பொதுமக்கள் 40,000 பேர் வரை செத்திருக்கலாம் என்று ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011இல் எழுதியது.

கடற்கரைக்குப் போனதும் ஒரு புதுக் கஷ்டம். உள்நாட்டில் என்றால் மண் இறுக்கம், பங்கர் வெட்டி மேலே மரக்குற்றி போடலாம். கடற்கரை மணலில் வெட்ட வெட்டச் சரியும். அதற்கு அங்கிருந்த தாய்மார் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தங்கள் சீலைகளைக் கிழித்து, பை பையாகத் தைத்து, அந்த மணலையே அள்ளி நிரப்பி, அடுக்கிச் சுவர் வைத்தார்கள். நூல் சீலை, நைலெக்ஸ் சீலை, பட்டு எல்லாம் போனது. பார்த்தவர்கள் சொல்வார்கள், அந்தக் கடற்கரையில் பங்கர் எல்லாம் நிறம் நிறமாக, பூப்போட்டுக் கிடந்தது என்று. அக்கா கடைசி வரைக்கும் ஒளித்து வைத்திருந்தது தன் கூறைச் சீலையை. அதையும் கிழித்தார். அதில் ஏழு பை வந்ததாம். எண்ணி வைத்திருக்கிறார்.

தாலியும் போனது. அதைக் கழற்றிக் கொடுத்து அரிசியும் ஒரு பால்மா பக்கற்றும் வாங்கினார். அந்த நேரத்தில் கணவர் காணாமல் போய் மூன்று நாள். மாத்தளனில் தண்ணீர் எடுக்கப் போன மனுஷன் திரும்பி வரவில்லை. புருஷன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் தாலியைக் கழற்றுகிற பெண்ணின் மனது எப்படி இருந்திருக்கும் என்று இங்கே இருக்கும் தாய்மாருக்கு நாங்கள் விளக்கத் தேவையில்லை.

கடைசிப் பங்கர் சின்னது. மூன்று பிள்ளைகள் குந்தினால் நாலாவது ஆளுக்கு இடமில்லை. அக்கா வாய்ப்பக்கம் உட்கார்ந்தார். முதுகை வெளியே காட்டி, முகத்தைப் பிள்ளைகள் பக்கம் வைத்து உட்கார்ந்தார். பிள்ளைகள் பயப்படாமல் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று அப்படி உட்கார்ந்ததாகச் சொல்கிறார். செல் துண்டு வலது தோள்பட்டையில் இறங்கியது. பிள்ளைகளுக்கு ஒரு கீறலும் இல்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. ஆசிரியர்களாகிய எங்களை இன்றைக்கு இந்த மேடையில் நிற்க வைத்தது அதுதான். சைக்கிளையும் பானையையும் சீலையையும் தாலியையும் விட்ட அந்த மனுஷி ஒரு சாமானை மட்டும் விடவில்லை. மூன்று பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ். ஒவ்வொன்றையும் தனித்தனிப் பொலித்தீனில் சுற்றி, மெழுகுதிரியால் வாயை ஒட்டி, அந்தந்தப் பிள்ளையின் இடுப்பில் துணிப்பையாகத் தைத்துக் கட்டிவிட்டிருந்தார். ஒரே பையாகத் தன்னிடம் வைக்கவில்லை. ஏன் என்று கேட்டோம். "நான் விழுந்துட்டா கடதாசியும் சேர்ந்து போயிடும்ல டீச்சர். அதுங்க தனியா நின்னாலும் யாரு பிள்ளைன்னு தெரியணும்" என்றார். தகப்பனும் பாட்டனும் கடதாசி இல்லாமல் நாடற்றுப் போன குடும்பத்துப் பிள்ளை அவர். அந்த அறிவை எந்தப் பள்ளிக்கூடமும் அவருக்குக் கொடுக்கவில்லை.

2009 மே மாதம் யுத்தம் முடிந்தது. மூன்று இலட்சத்துக்குக் கிட்டிய சனத்தோடு சனமாக இவர்களையும் முகாம்களில் அடைத்தார்கள். அக்கா இருந்தது செட்டிகுளம் மெனிக் பாம். வெளியே வந்தபோது வீடும் இல்லை, கணவரைப் பற்றித் தகவலும் இல்லை. அண்ணன் இருந்த லயத்துக்கு மூன்று பிள்ளைகளோடு வந்து சேர்ந்தார். கடைசிப் பிள்ளையை எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டி வந்தார். துணிப்பையை அவிழ்த்துச் சான்றிதழை எடுத்து மேசையில் வைத்தார். மடித்த இடங்களில் வியர்வை பட்டு மை கலங்கியிருந்தது, ஆனால் பெயர் தெளிவாக இருந்தது. லயத்துக்குப் பக்கத்தில், ஒரு செல்லும் விழாத ஊரில், வெள்ளத்தில் போச்சு, எலி தின்று போச்சு என்று சான்றிதழ் இல்லாமல் பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோரையே பார்த்துப் பழகிய எங்களுக்கு, அன்றைக்கு வெட்கமாக இருந்தது.

சேர்க்கும் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு. தந்தை உயிருடன் இருக்கிறாரா, ஆம் அல்லது இல்லை. அக்கா எழுதவில்லை. நாங்களும் எழுதவில்லை. அந்தக் கட்டம் இன்றைக்கும் வெறுமையாகத்தான் இருக்கிறது.

இவ்வளவும் கேட்டுவிட்டு ஒருநாள் நாங்கள் சொன்னோம், உங்களைப் போல தியாகம் செய்தவர் இல்லை அக்கா என்று. அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அங்க வேற யாரு இருந்தா டீச்சர்? நாந்தானே இருந்தேன்" என்றார்.

தோழர்களே, அந்தப் பேச்சைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். பிள்ளைகளைப் பாதுகாக்கும் பொறுப்பு முதலில் யாருடையது? நாட்டை ஆளுகிற அரசாங்கத்துடையது. மக்களுக்காகப் போராடுகிறோம் என்று ஆயுதம் எடுத்தவர்களுடையது. அவர்கள் எல்லோரும் கைவிட்ட இடத்தில் ஒரு தாயின் முதுகு மட்டும் மிச்சமாக இருந்தது. அதைத் தியாகம் என்று நாம் புகழ்ந்துவிட்டு எழும்பிப் போனால், கைவிட்டவர்கள் யாரும் பதில் சொல்லத் தேவையில்லாமல் போகிறது. அக்காவின் கோபம் அதுதான்.

யுத்தத்தையும் லயத்து வாழ்க்கையையும் ஒன்று என்று நாங்கள் சொல்ல வரவில்லை. செல் விழுந்த இடத்துக்கு எதுவும் ஈடாகாது. ஆனால் இந்தப் பழக்கம் இங்கேயும் இருக்கிறது. சம்பளம் போதாவிட்டால் அம்மா கடைசியில் சாப்பிடுவாள் என்று எல்லோரும் விட்டுவிடுகிறோம். லயத்துக்குத் தண்ணீர் வராவிட்டால் அம்மா பீலிக்குப் போய் எடுப்பாள். பிள்ளைக்காம்பராவில் ஆள் இல்லாவிட்டால் மூத்த மகள் பள்ளிக்கூடத்தை விட்டு நிற்பாள். பொறுப்பானவர்கள் செய்யாத வேலையை எல்லாம் தாய் செய்வாள் என்ற கணக்கில்தான் இந்தத் தோட்டங்கள் நடக்கின்றன.

தாய்மார்கள் எப்போதும் தனியாக இருந்து முதுகைக் கொடுத்துக்கொண்டே இருக்கவும் இல்லை. 1984இல் யாழ்ப்பாணத்தில் இளைஞர்களை அள்ளிக்கொண்டு போனபோது, அன்னையர் முன்னணி என்று சேர்ந்து தாய்மார் கச்சேரிக்கு ஊர்வலம் போனார்கள். தெற்கிலே பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் காணாமல் போனபோது, 1990இல் மாத்தறையில் சிங்களத் தாய்மார் அதே பெயரில் சேர்ந்தார்கள். கூட்டம் போட விடாத இடத்தில் கோயிலுக்குப் போனார்கள். 1992இல் கொழும்பு முகத்துவாரம் காளி கோயிலில் தலையை விரித்துப்போட்டுத் தேங்காய் உடைத்துச் சாபமிட்டார்கள். கோயிலில் தேங்காய் உடைப்பதை எந்தச் சட்டத்தால் தடுப்பது? 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் கொட்டில் போட்டு உட்கார்ந்த தாய்மார், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தை வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். தமிழ்த் தாய், சிங்களத் தாய் என்று கண்ணீருக்குப் பேதம் இல்லை என்பது மட்டும் இதில் பாடம் இல்லை. தனியாகக் கேட்டபோது யாரும் கேட்காத குரலை, சேர்ந்து கேட்டபோது நாடு கேட்டது. பதில் இன்னும் முழுதாக வரவில்லை என்பதும் உண்மை.

இப்போது அக்காவிடம் வருவோம். அவர் தோள் மேலே எழும்பாது. கூடைக் கயிற்றைத் தலையில் மாட்ட முடியாது. நிர்வாகம் கேட்கிற கிலோ எடுக்க முடியாது. அதனால் செக்ரோலில் பேர் இல்லை. பேர் இல்லாததால் தோட்டத்து ஆள் இல்லை என்று புது வீட்டுப் பட்டியலில் இடமும் இல்லை. இந்தத் தோட்டத்தில் பிறந்தவர், இந்தத் தோட்டத்துத் தேயிலைக்கு உரமாகிப்போனவர்களின் பேத்தி. கணவர் விஷயமாக ஒரு அலுவலகத்துக்குப் போனால் மரணச் சான்றிதழ் எடுத்துக்கொள், உதவி கிடைக்கும் என்கிறார்கள். செத்ததைப் பார்க்காத மனுஷனுக்கு எப்படி மரணம் எழுதுவேன் என்று அவர் திரும்பி வருகிறார். இறந்தார் என்று எழுதாமல், ஆள் காணப்படவில்லை என்று சான்றிதழ் பெறும் வழி 2016இல் சட்டமாகிவிட்டது. அதே ஆண்டுதான் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கான சட்டமும் வந்தது. அதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. சங்கத்தில் இருக்கும் நாங்களும் பல வருஷம் சொல்லவில்லை. அது எங்கள் பிழை. இந்த மேடையிலேயே ஒத்துக்கொள்கிறோம்.

ஆகவே இன்றைக்கு மாதர் சங்கத்தின் முன் நாலு வேலைகளை வைக்கிறோம்.

ஒன்று, ஒவ்வொரு லயத்திலும் பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளைகளின் பட்டியல் எடுக்க வேண்டும். காலங்கடந்த பிறப்புப் பதிவு செய்ய வழி இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் பிரஜாவுரிமை வந்துவிட்டது என்று நாம் சும்மா இருக்கிறோம். கையில் கடதாசி இல்லாதவனுக்குச் சட்டம் இருந்தும் பிரயோசனம் இல்லை. சாதாரண தரப் பரீட்சைக்கு அடையாள அட்டை இல்லாமல் பிள்ளைகள் கடைசி நேரத்தில் ஓடுவதை ஒவ்வொரு வருஷமும் நாங்கள் பார்க்கிறோம்.

இரண்டு, வன்னியிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள், ஊனமுற்றவர்கள், கணவரை இழந்த பெண்கள், செக்ரோலில் பேர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டுப் பட்டியலில் சேர வேண்டும். வீடும் காணியும் வேலைக்குக் கொடுக்கிற சம்பளம் இல்லை, இங்கே வாழ்கிறவர்களின் உரிமை. இதை நிர்வாகத்திடமும் பிரதேச செயலகத்திடமும் எழுத்தில் கேட்கப் போகிறோம்.

மூன்று, கொழுந்து எடுக்க முடியாதவர்களுக்குச் செய்யக்கூடிய வேலை தோட்டத்தில் இருக்கிறது. நாற்றுமேடை இருக்கிறது, பிள்ளைக்காம்பரா இருக்கிறது. மூன்று பிள்ளைகளைச் செல்லடிக்குள் காத்த கைக்கு, பிள்ளைக்காம்பராவில் வேலை கொடுக்கத் தகுதி போதாதா என்று கேட்போம்.

நான்கு, இனிமேல் எந்தத் தாயும் எந்தக் காரியாலயத்துக்கும் தனியாகப் போகக் கூடாது. பக்கத்தில் இரண்டு பேராவது போக வேண்டும். படிவம் நிரப்பத் தெரிந்த பிள்ளை ஒன்றும் கூடப் போகட்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளிக்கூடம் திறந்திருக்கும், கடதாசிகளை எடுத்துக்கொண்டு வாருங்கள். இருந்து எழுதித் தர நாங்கள் இருக்கிறோம்.

அக்காவின் கடைசிப் பிள்ளை உயர்தரம் எழுதி முடித்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் படிவம் எழுத முதல் ஆளாக வருகிறேன் என்று அவளாகவே சொல்லியிருக்கிறாள். சிறு வயதில் இடுப்பில் கட்டியிருந்த அந்தத் துணிப்பையை இன்னும் வைத்திருக்கிறாள். எங்களிடம் காட்டினாள். அக்காவின் கூறைச் சீலையில் மிஞ்சிய ஒரு துண்டால் தைத்தது அது. ஓரத்தில் சரிகை தெரிகிறது.

போன மாதம் வீட்டுப் பட்டியல் விஷயமாக அக்கா மறுபடி அலுவலகத்துக்குப் போனார். இம்முறை மாதர் சங்கத்திலிருந்து ஆறு பேர் கூடப் போனார்கள். வேலை இன்னும் முடியவில்லை, ஆனால் முதல்தடவையாக அவரை உட்காரச் சொல்லி நாற்காலி போட்டார்களாம். திரும்பி வந்து அதைத்தான் எங்களிடம் முதலில் சொன்னார்.

யுத்தத்தில் அவரோடு யாரும் இருக்கவில்லை. இனி அப்படி விடமாட்டோம் என்று இந்தக் கூட்டம் முடிவெடுக்க வேண்டும். நாலு வேலையையும் தீர்மானமாக முன்வைக்கிறோம். சம்மதிக்கிறவர்கள் கையை உயர்த்துங்கள். கை உயர்த்த முடியாதவருக்குச் சேர்த்தும் நாம் உயர்த்துவோம்.